சவரக்கத்திக்குத் தீட்டுக்கல்: எதை வாங்குவது, எப்படிப் பேணுவது

மடக்குச் சவரக்கத்தி வாங்குகிற எல்லோரும் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: இதைத் தீட்ட எந்தக் கல்? ஆளுக்கு ஒரு பதில் வரும். மிக நைஸான 12000 எண் கல் வாங்கு, அதற்குக் கீழே எதுவும் முகத்துக்கு ஆகாது என்பார் ஒருவர். பெல்ஜியத்துக் கல் ஒன்று இருந்தால் ஆயுசுக்கும் போதும் என்பார் இன்னொருவர். வீட்டில் அரிவாள்மனை தீட்டுகிற கல்லே போதும் என்பவர்களும் உண்டு. முதல் இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் குழப்பம் தீராமல் நீள்கிறது. மூன்றாவதைக் கேட்டு வாய் பிளந்துபோன நல்ல கத்திகளை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

நான் தொடங்கியபோது ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊரில் செய்த பழைய கத்தி ஒன்றும் 12000 கல் ஒன்றும் சேர்த்து வாங்கினேன். ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் தேய்த்தேன். கத்தி கண்ணாடி மாதிரி மின்னியது, ஆனால் கன்னத்தில் வைத்தால் முடியைப் பிடித்து இழுத்தது. ஏன் என்று புரிய நாலைந்து மாதம் ஆனது. அந்தக் காரணத்தைத்தான் இங்கே அடியிலிருந்து சொல்லப் போகிறேன். அது புரிந்துவிட்டால் எந்தக் கல் வேண்டும், எது வேண்டாம், வாங்கிய கல்லை எப்படி வைத்துக்கொள்வது என்பதெல்லாம் கிட்டத்தட்ட தானாகவே வந்துவிடும்.

முதலில் கத்தியைப் பாருங்கள்

சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது சாய்வை நம் கைதான் பிடித்துக்கொள்ள வேண்டும், கை கொஞ்சம் ஆடினாலும் சாய்வு மாறும். சவரக்கத்தியில் அந்தக் கவலை இல்லை. அதன் தடித்த மேல்பக்கத்தை முதுகு என்றும் வெட்டுகிற விளிம்பை வாய் என்றும் சொல்கிறோம். கத்தியைக் கல்லின் மேல் படுக்க வைத்தால் முதுகும் வாயும் மட்டும் கல்லைத் தொடும். நடுவில் இருபுறமும் இரும்பைக் குழிவாகக் கடைந்து எடுத்திருப்பதால் அந்த இடம் கல்லில் படாது. முதுகு 5 மில்லிமீட்டர் பருமனும் முதுகிலிருந்து வாய் வரை 18 மில்லிமீட்டர் அகலமும் இருந்தால், இரண்டு பக்கமும் சேர்ந்து வாயில் சுமார் 16 டிகிரி கோணம் கிடைக்கும். வருஷக்கணக்கில் தீட்டத் தீட்ட வாய் தேயும், கூடவே முதுகும் தேயும், கோணம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஸோலிங்கனிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் இந்தக் கத்திகளைச் செய்தவர்கள் அளவுகோலைக் கத்திக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை கல்லில் வைக்கும்போதும் அந்தக் கைவேலையை நினைத்து எனக்கு மரியாதை வருகிறது.

வாயை ஒட்டி இருபுறமும் ஒரு மெல்லிய பட்டை தனியாகப் பளபளக்கும், பல கத்திகளில் அது ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. கல்லில் தேய்ந்து உருவாகிற அந்தப் பட்டைக்குச் சரிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கச் சரிவும் அந்தப் பக்கச் சரிவும் ஒரு கோட்டில் சந்திக்கிற இடம்தான் கூர். கூர் என்று தனியாக ஒரு பொருள் கத்தியில் இல்லை, இரண்டு தளங்கள் சந்திக்கிற இடம் மட்டுமே அது.

சாணை வண்டிக்காரரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் இதுதான். அவர் வேலையில் குறை இல்லை, அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர்தான் சரி. ஆனால் சுழல்கிற சக்கரத்தில் முதுகும் வாயும் ஒன்றாகப் படுக்காது, கோணம் போய்விடும். அதோடு அவ்வளவு மெல்லிய இரும்பு நொடியில் சூடேறும். எஃகைக் காய்ச்சிக் குளிரவைத்து ஏற்றிய கடினத்தை, அதாவது பதத்தை, அந்தச் சூடு இறக்கிவிடும். பதம் இறங்கிய வாயை எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியவை இரண்டு. முதுகைத் தூக்காமல் படுக்க வைத்தே தீட்ட வேண்டும். முதுகும் வாயும் சேர்ந்து படுகிற அளவுக்குக் கல் தட்டையாக இருக்க வேண்டும். இரண்டாவதைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

கல் என்ன செய்கிறது

மொசைக் தரைக்கு பாலிஷ் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் மெஷினில் கொரகொரப்பான கல்லை மாட்டி ஓட்டுவார்கள், வீடு முழுக்கச் சேறு. மேடு பள்ளம் போய்த் தரை சமமாவது அப்போதுதான். அப்புறம் அதைவிட நைஸான கல், அதற்கும் அப்புறம் இன்னும் நைஸ். கடைசியில்தான் பளபளப்பு. முதல் நாள் மேட்டை எடுக்காமல் விட்டுவிட்டு நேராகக் கடைசிக் கல்லை ஓட்டினால் என்ன கிடைக்கும்? மேடு பளபளக்கும், அவ்வளவுதான்.

சவரக்கத்தியிலும் அதேதான் நடக்கிறது. தீட்டுக்கல் என்பது எஃகைவிடக் கடினமான சின்னச் சின்னத் துகள்களும், அவற்றைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பசைப் பொருளும். செயற்கைக் கற்களில் துகள் பெரும்பாலும் அலுமினா, பசையாகச் சுட்ட களிமண்ணோ பிசினோ இருக்கும். கத்தி மேலே நகரும்போது துகள்கள் எஃகைக் கீறி எடுக்கின்றன. பெரிய துகள் ஆழமாகக் கீறும், வேகமாக எடுக்கும். சின்னத் துகள் மேலோட்டமாகக் கீறும், மெதுவாக எடுக்கும். சரிவின் மேல் ஓடுகிற ஒவ்வொரு கீறலும் வாய்வரை வந்து முடிகிறது, அது முடிகிற இடத்தில் வாயில் ஒரு பல் உண்டாகிறது. கீறல் ஆழமாக இருந்தால் பல்லும் பெரிது. தக்காளி வெட்ட அந்தப் பல் உதவும், கழுத்துத் தோலில் அது எரியும்.

ஆகவே வேலை மூன்று கட்டமாகப் பிரிகிறது. முதல் கட்டத்தில் கொரகொரப்பான கல் இரண்டு சரிவுகளையும் தேய்த்து, வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எங்கும் இடைவெளி இல்லாமல் சந்திக்க வைக்கிறது. இதைச் சரிவு அமைத்தல் என்று சொல்லலாம். இரண்டாம் கட்டத்தில் நடுத்தரக் கல் அந்த ஆழமான கீறல்களை அழித்துச் சிறிய கீறல்களைப் போடுகிறது. கடைசிக் கல் அதையும் மென்மையாக்கி முகத்துக்கு ஏற்றதாக்குகிறது.

என் ஸோலிங்கன் கத்திக்கு நடந்தது இப்போது புரியும். அதன் சரிவுகள் கைப்பிடியை ஒட்டிய பாதியில் சந்திக்கவே இல்லை. நான் 12000 கல்லில் ஒரு வாரமாகத் தேய்த்தது சந்திக்காத இரண்டு சரிவுகளைத்தான், அவை மின்னின. கூர் பிறப்பது 1000 எண் கல்லில், மேலே இருக்கிற கற்கள் அதற்கு மெருகுதான் ஏற்றுகின்றன. இந்த ஒன்றைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கல்லின் எண் எங்கிருந்து வந்தது

மாவு சலிக்கிறவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதுதான் முதலில் இந்த எண்ணாக இருந்தது. கண் அதிகம் என்றால் ஒவ்வொரு கண்ணும் சிறியது, விழுகிற துகளும் சிறியது. அதனால்தான் எண் கூடக் கூடக் கல் நைஸாகிறது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் அவ்வளவு நுண்ணிய சல்லடை செய்ய முடியாது. அதனால் நுண்ணிய துகள்களைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டுப் பிரிக்கும் முறை வந்தது. ஆற்று நீரைக் குடத்தில் வைத்தால் முதலில் மணல் அடியில் இறங்கும், களி கடைசியில் இறங்கும். அதே கணக்குதான்.

அளவைச் சொல்ல மைக்ரான் என்ற அலகு தேவைப்படும், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான். ஜப்பானியத் தர அளவின்படி 1000 எண் கல்லில் துகள் சுமார் 11.5 மைக்ரான், 4000 எண்ணில் 3, 8000 எண்ணில் 1.2.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எல்லா நாட்டிலும் எல்லாக் கம்பெனியும் ஒரே தர அளவைப் பின்பற்றுவதில்லை. சவரக்கத்திக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிற அமெரிக்க நார்டன் 8000 கல்லின் துகள் 3 மைக்ரான் அளவு, அதாவது ஜப்பானியக் கணக்கில் அது 4000. ஆனால் ஜப்பானிய 8000 கல்லிலும் இதிலும் 8000 என்றே அச்சடித்திருக்கும். அதனால் ஒரு கம்பெனிக் கல்லின் எண்ணை இன்னொரு கம்பெனிக் கல்லின் எண்ணோடு நேராக ஒப்பிட வேண்டாம், மைக்ரான் என்ன என்று பாருங்கள்.

மைக்ரானும் முழுக் கதையைச் சொல்லாது. பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சாம் என்ற ஊரைச் சுற்றிக் கிடைக்கிற மஞ்சள் கல்லுக்கு கோட்டிக்யூல் என்று பெயர். அதில் எஃகைத் தேய்ப்பது கார்னெட் துகள்கள். நம் தென்கடற்கரையில் கார்னெட் மணல் என்று அடிக்கடி செய்தியில் வருமே, அதே கனிமக் குடும்பம். இந்தத் துகள்கள் 5 முதல் 15 மைக்ரான் வரை இருக்கும். மைக்ரானை மட்டும் பார்த்தால் 1000, 2000 எண் கல்லின் வரிசையில் வைக்க வேண்டும். ஆனால் அதில் முடித்த கத்தி அவ்வளவு மென்மையாகச் சவரம் செய்கிறது. காரணம் துகளின் வடிவம். உடைந்த கண்ணாடி மாதிரிக் கூரான மூலைகள் இல்லாமல் பல முகங்களோடு உருண்டையை ஒட்டிய வடிவத்தில் இருப்பதால், அது எஃகுக்குள் ஆழமாக இறங்குவதில்லை, மேலாகச் சுரண்டிக்கொண்டு போகிறது. துகளின் பருமன், அதன் வடிவம், பசை அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் கல்லின் குணம். எண் அதில் ஒரு பகுதி மட்டும்.

சுருக்கமாக: எண் கூடினால் துகள் சிறிது. வேறு வேறு கம்பெனிகளின் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இயற்கைக் கற்களுக்கு எண் போடுவது கிட்டத்தட்ட ஊகம்தான்.

சரி, எதை வாங்குவது

உங்கள் கத்தி எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தீட்டி, சவரத்துக்குத் தயாராக வந்த கத்தி என்றால் இப்போதைக்கு ஒரே ஒரு நைஸ் கல் போதும், 8000 அல்லது 12000. சில மாதம் கழித்துக் கூர் தளரும்போது அதில் பத்துப் பதினைந்து முறை ஓட்டினால் திரும்பி வந்துவிடும். இந்த இடத்தில்தான் "12000 ஒன்று போதும்" என்ற பேச்சு உண்மையாகிறது. ஏற்கனவே சரிவு அமைந்த கத்திக்கு அது சரி. மழுங்கிய கத்திக்கும், பழைய பொருள் கடையில் எடுத்த கத்திக்கும் சரியில்லை.

அப்படிப்பட்ட கத்திக்கு மூன்று படி வேண்டும். 1000 எண்ணில் ஒன்று, 3000 முதல் 5000 வரை ஒன்று, 8000 ஒன்று. முடிந்தால் பிற்பாடு 12000. ஜப்பானியக் கம்பெனிகளில் கிங், நானிவா, ஷாப்டன் ஆகிய பெயர்களை அதிகம் கேள்விப்படுவீர்கள், மூன்றுமே நம்பி வாங்கலாம். ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 என்று ஒட்டி வருகிற இரட்டைக் கல் செலவைக் குறைக்கும். பணம் குறைவாக இருந்தால் 1000 கல்லை நல்லதாக வாங்குங்கள், கடைசிக் கல்லைத் தள்ளிப்போடுங்கள். 8000 வரை ஒழுங்காகத் தீட்டிய கத்தியில் நிம்மதியாகச் சவரம் செய்யலாம். 1000-ல் கோட்டைவிட்ட கத்தியை உலகத்தின் விலை உயர்ந்த கல்லும் காப்பாற்றாது.

கல்லின் அகலம் 7 சென்டிமீட்டர், நீளம் 20 சென்டிமீட்டர் இருந்தால் வசதி. கத்தியின் வாய் ஏறக்குறைய கல்லின் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாம்பல் நிறக் கார்போரண்டம் கல்லை இதற்கு வாங்காதீர்கள். அது சிலிக்கான் கார்பைடு, துகள் மிகப் பெரியது, உளிக்கும் அரிவாளுக்குமான கல். சவரக்கத்தியை அதில் நாலு தடவை இழுத்தால் போட்ட கீறலை அழிக்க 1000 கல்லில் மணிக்கணக்கில் உட்கார வேண்டும், அதற்குள் கத்தியின் அகலத்தில் கொஞ்சம் போயிருக்கும்.

இயற்கைக் கற்கள்

மண்ணுக்குள்ளிருந்து அப்படியே வெட்டி எடுத்த கற்களின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, ஆனால் முதல் கல்லாக அவற்றை வாங்கச் சொல்ல மாட்டேன். ஒரே சுரங்கத்தில் எடுத்த இரண்டு கற்கள் இரண்டு விதமாக வேலை செய்யும். நம் கையில் பழக்கம் வராத காலத்தில் தப்பு கையிலா கல்லிலா என்று கண்டுபிடிக்க முடியாமல் தவிக்க வேண்டியிருக்கும்.

கோட்டிக்யூல் அதில் ஓர் அதிசயம். சின்னத் துண்டுக் கல்லால் அதன் முகத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பால் மாதிரி ஒரு குழம்பு எழும். கல்லிலிருந்து விடுபட்ட துகள்கள் மிதக்கிற நீர் அது. குழம்பு கெட்டியாக இருந்தால் கல் வேகமாக எடுக்கும், ஆனால் மிதக்கும் துகள்கள் வாயின் மேல் மோதுவதால் கடைசிக் கூர் வராது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துக் குழம்பை நீர்க்க வைத்துக்கொண்டே போய், முடிவில் வெறும் தண்ணீரில் தீட்டினால் மென்மையான கூர் வரும். அதாவது ஒரே கல் இரண்டு மூன்று கற்களின் வேலையைச் செய்கிறது. "ஒன்று இருந்தால் ஆயுசுக்கும் போதும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது, பழகிய கைக்கு அது உண்மையும்கூட.

ஜெர்மனியின் தூரிங்கியாக் கல்லும் ஜப்பானில் கியோட்டோவைச் சுற்றியுள்ள மலைகளின் கல்லும் முடிக்கும் கற்களாகப் பேர்பெற்றவை. இரண்டிலும் பழைய கற்கள் நல்ல விலைக்குக் கைமாறுகின்றன. அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் கல் வேறு ரகம். அது முழுக்க நுண்ணிய சிலிக்கா, துகள் விடுபடாது, அதனால் அதன் முகத்தை நாம் எப்படித் தேய்த்து வைத்திருக்கிறோமோ அப்படித்தான் அது வேலை செய்யும். முகம் சொரசொரப்பாக இருந்தால் வேகமாக எடுக்கும், வழவழப்பாக்கினால் மெருகேற்றும். இதில் எண்ணெய் விட்டுத் தீட்டுவது வழக்கம். தையல் மெஷின் எண்ணெய் சரியாக இருக்கும். சமையல் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்து இறுகிவிடும்.

எப்போது அடுத்த கல்லுக்குப் போவது

கல்லில் தண்ணீர் விட்டு, கத்தியை முதுகும் வாயும் படியப் படுக்க வைத்து, வாய் முன்னால் போகும்படித் தள்ளுங்கள். கல்லின் மேலிருந்து மெல்லிய ஏட்டைச் சீவி எடுப்பது போல நினைத்துக்கொள்ளலாம். மறுமுனைக்கு வந்ததும் முதுகின் மேலேயே புரட்டி, மறுபக்கத்தைத் திரும்பத் தள்ளுங்கள். வாயின் மேல் புரட்டினால் அந்த நிமிஷமே கூர் போய்விடும். கத்தியின் வாய் கல்லின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் தள்ளும்போதே பக்கவாட்டிலும் நகர்த்தி, கைப்பிடி ஓரத்தில் தொடங்கி நுனியில் முடியுங்கள். அழுத்தம் வேண்டாம். 1000 கல்லில் ஒரு விரலின் லேசான பாரம், 8000-ல் கத்தியின் சொந்தப் பாரம். முதுகு தேயாமலிருக்க இன்சுலேஷன் டேப் ஒட்டுகிறவர்களும் உண்டு, கோணம் ஒரு டிகிரி அளவுக்குக் கூடும், மற்றபடி தவறில்லை. ஒட்டினால் எல்லாக் கல்லிலும் ஒட்டியே தீட்டுங்கள்.

ஒரே பக்கத்தை நிறையத் தேய்த்தால் மெல்லிய எஃகு மறுபக்கம் மடிந்து தொங்கும், அதைப் பிசிர் என்கிறோம். பக்கம் மாற்றி மாற்றித் தள்ளினால் அது பெரிதாக வளராது.

எண்ணிக்கையை நம்ப வேண்டாம், கத்தியைக் கேளுங்கள். சரிவின் மேல் கறுப்பு மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துவிட்டு இரண்டு முறை தள்ளிப் பார்த்தால், மை எங்கே போயிருக்கிறது, எங்கே மிச்சம் இருக்கிறது என்று தெரியும். வாய்வரை மை போகாத இடத்தில் கல் இன்னும் வாயைத் தொடவில்லை. அடுத்த சோதனை விளக்கு. கத்தியின் வாய் உங்களைப் பார்த்திருக்கும்படி விளக்கின் அடியில் பிடியுங்கள். கூரான வாயில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இல்லை, அது தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாக மினுங்கும். மூன்றாவது, முன்கையின் முடி. 1000 கல்லிலேயே, நுனியிலிருந்து கைப்பிடி வரை வாயின் எல்லா இடமும் முன்கை முடியைத் தோலை ஒட்டி எடுக்க வேண்டும். எடுக்கவில்லையா, 1000-ஐ விட்டு நகராதீர்கள். பொறுமை வேண்டிய இடம் இது ஒன்றுதான், அதற்கு மேலுள்ள கற்களில் வேலை வேகமாக முடியும்.

ஒரு கல்லிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கத்தியையும் கைகளையும் நன்றாகக் கழுவுங்கள். 1000 கல்லின் ஒரு துகள் 8000 கல்லில் போய் உட்கார்ந்தால் ஒவ்வொரு தள்ளலிலும் ஒரு கோடு போடும்.

கல்லைப் பேணுவது

வாங்குவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தீட்டியும் சவரம் சரியில்லை என்று என்னிடம் கொண்டுவந்த கத்திகளில் பாதிக்கு மேல் குற்றம் கல்லின் முகத்தில் இருந்தது.

கல் கத்தியைத் தேய்க்கிறது, கத்தியும் கல்லைத் தேய்க்கிறது. பழைய துகள் விடுபட்டுப் புதுத் துகள் வெளியே வருவதால்தான் தண்ணீர்க் கற்கள் வேகமாக வெட்டுகின்றன. அதற்கு விலை, கல்லின் நடுவில் விழுகிற பள்ளம். வீட்டுப் படிக்கட்டில் கால் அதிகம் படுகிற இடம் குழிவது மாதிரி. சமையல் கத்திக்கு அந்தப் பள்ளம் பெரிய தொல்லை இல்லை, கை சரிசெய்துகொள்ளும். சவரக்கத்திக்கு அப்படியில்லை. முதுகும் வாயும் முழு நீளத்துக்குப் படிய வேண்டும் என்று பார்த்தோமே, பள்ளம் விழுந்த கல்லில் வாயின் சில இடம் படும், சில இடம் படாது. சரிவு ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் ஒடுங்கியும் போகும், நீங்கள் தள்ளிக்கொண்டே இருப்பீர்கள்.

பள்ளம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பென்சிலால் கல்லின் முகம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். வைரத்தூள் பதித்த தட்டு, 325 முதல் 400 எண்ணுக்குள் ஒன்று, கிடைத்தால் அதை வைத்துத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். இல்லையென்றால் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். பெயிண்டர்கள் காருக்குப் போடுகிற அதே வாட்டர் பேப்பர், 1000 கல்லுக்கு 220, நைஸ் கற்களுக்கு 400. கண்ணாடிக்குப் பதில் கடப்பாக் கல்லை வைக்காதீர்கள், அதன் முகம் நாம் நினைக்கிற அளவுக்குச் சமமாக இருப்பதில்லை. நாலைந்து தடவை தேய்த்ததும் மேடான ஓரங்களில் கோடு அழியும், நடுவில் பென்சில் அப்படியே இருக்கும். அந்தக் கோடு நிற்கிற இடம்தான் பள்ளம். எல்லாக் கோடும் போகும்வரை தேய்த்து, மறுபடி கட்டம் போட்டு, இந்த முறை எல்லா இடமும் ஒரே நேரத்தில் அழிகிறதா என்று பாருங்கள்.

புதுக் கல்லுக்கும் இதைச் செய்ய வேண்டும். கடையிலிருந்து வருகிற கல் தட்டையாக இருக்கும் என்று நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். பல கற்களைத் தட்டையாக்கும்போது நைஸ் கல்லை முதலில் எடுத்து, 1000 கல்லைக் கடைசியில் வையுங்கள், பெரிய துகள் நைஸ் கல்லில் ஏறாது. முடித்ததும் கல்லின் நான்கு ஓரங்களையும் 45 டிகிரி சாய்த்து லேசாக மழுக்கிவிடுங்கள். கூரான ஓரம் உதிரும், உதிர்ந்த சில்லு கத்தியின் வாயைக் கடிக்கும்.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை? 1000 கல்லை நான் ஒவ்வொரு கத்தியைத் தொடங்குவதற்கு முன்னாலும் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுகிறேன். 8000 கல்லை நாலைந்து முறைக்கு ஒரு தடவை. கோட்டிக்யூல் மாதிரிக் கடினமான இயற்கைக் கல்லை வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

தட்டையாக்குவதில் இன்னொரு பலனும் உண்டு. அம்மி வழவழத்துப் போனால் மிளகாய் அரைபடாமல் வழுக்கும், அப்போது "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் வருகிறவரைக் கூப்பிட்டு உளியால் கொத்தச் சொல்வோம். தீட்டுக்கல்லுக்கும் அந்த நிலை வரும். எஃகுத் தூள் கல்லின் நுண்துளைகளை அடைத்து, மேலே இருக்கிற துகள்களும் மழுங்கி, முகம் கறுத்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கத்தி மேலே வழுக்கும், எடுக்காது. வைரத்தட்டில் தேய்த்தால் அடைப்புப் போய்ப் புதுத் துகள் வெளியே வரும், கல் மறுபடி கடிக்கும்.

அடுத்தது தண்ணீர். கிங் 1000 மாதிரியான கற்கள் தண்ணீரை உறிஞ்சுபவை. குமிழி வருவது நிற்கும்வரை, ஐந்து பத்து நிமிடம், ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். நானிவா சூப்பர் ஸ்டோன் மாதிரிப் பிசினால் கட்டிய கற்களுக்கு மேலே தெளித்தால் போதும். அவற்றை நெடுநேரம் ஊறப்போட்டால் இளகும், காயும்போது வெடிப்பு விடும். உங்கள் கல் எந்த ரகம் என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கழுவி, இரண்டு முகத்திலும் காற்றுப் படும்படி நிறுத்தி வைத்து, நிழலில் காயவிடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் சுருங்கி உள்பக்கம் ஈரமாக இருக்கும், கல் பிளந்துவிடும். ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும்.

தண்ணீர்க் கல்லில் ஒரு முறை எண்ணெய் விட்டால் துளைகள் அடைபடும், திரும்பத் தண்ணீர்க் கல்லாக்குவது பெரும்பாடு. எண்ணெய்க் கல் எண்ணெய்க் கல்லாகவும் தண்ணீர்க் கல் தண்ணீர்க் கல்லாகவுமே இருக்கட்டும்.

சுருக்கமாக: பென்சில் கட்டம் போட்டுத் தட்டையாக்குங்கள், ஓரத்தை மழுக்குங்கள், முகம் கறுத்து வழுக்கினால் தேய்த்துப் புதுப்பியுங்கள், நிழலில் காயவையுங்கள்.

வார் எங்கே வருகிறது

கல்லையும் வாரையும் ஒன்றாகப் பேசுவதும் வழக்கமான குழப்பம்தான். வார் என்பது தீட்டுத் தோல், பழைய சலூன்களில் நாற்காலியில் தொங்குமே அது. கல் எஃகை எடுக்கிறது, வெறும் தோல் அதைப்போல எடுப்பதில்லை. கல்லில் முடித்த வாயைத் தோல் நீவி ஒழுங்காக்கி வழவழப்பாக்குகிறது. கல்லில் வாய் முன்னால் போனது, வாரில் முதுகு முன்னால் போக வேண்டும், மாற்றிச் செய்தால் தோல் அறுபடும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் முப்பது நாற்பது முறை வாரில் இழுத்தால் போதும், கல் தேவைப்படாது.

அப்படி இழுத்தும் ஒரு நாள் கூர் தளரத்தான் செய்யும். முடி எஃகைவிட 50 மடங்கு மென்மையானது, பிறகு எப்படி வாய் கெடுகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் சயன்ஸ் இதழில் இதை வெளியிட்டார்கள். மின்னணு நுண்ணோக்கியின் அடியில் முடியைச் சவரம் செய்து பார்த்தபோது வாய் மெல்ல உருண்டு மழுங்கவில்லை, சில்லுச் சில்லாக உடைந்தது. முடி வளைந்து கொடுக்கிறபோது அதன் ஓரம் படுகிற இடத்தில், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாவிட்டால், அங்கே நுண்ணிய சில்லு பெயர்கிறது. அவர்கள் சோதித்தது தூக்கிப்போடுகிற ரேசர் பிளேடை. சவரத்துக்கு முன் வெந்நீரில் முகத்தை நன்றாக ஊறவைத்து முடியை இளக்குவது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அதைப் படித்தபோது இன்னும் உறுதியானது.

வாரில் இழுத்தும் கத்தி முடியை இழுக்கத் தொடங்கினால், முதலில் 8000 அல்லது 12000 கல்லுக்குப் போங்கள், பத்துப் பதினைந்து தள்ளல். சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். சரியாகவில்லை என்றால் 4000. விளக்கின் அடியில் வாயில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால்தான் 1000. ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்குகிறவர்களின் கத்தி சில வருஷத்தில் பென்சில் சீவல் மாதிரி ஒடுங்கிவிடும். கல்லை விட்டு எழுந்ததும் கத்தியைக் கழுவி, மடிப்புக்குள் இருக்கும் ஈரத்தையும் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, வாயில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவி வையுங்கள். கடற்கரை ஊர்களில் இதை ஒரு ராத்திரி மறந்தாலும் காலையில் வாயில் செம்புள்ளி நிற்கும், அப்புறம் மறுபடி 1000 கல்தான்.